இடது மேல் மூலை

மார்ச் 4, செவ்வாய்

நகரமன்றக் கூட்டம் பதினொரு மணிக்கு என்றார்கள். தொடங்கியது ஒன்றேகாலுக்கு. முப்பத்திரண்டு வருடமாக நிருபர் வேலையில் நான் அதிகம் செய்தது எழுதுவது அல்ல, காத்திருப்பது. இன்று அந்த இரண்டேகால் மணி நேரம் போனதே தெரியவில்லை. மின்னலின் புண்ணியம்.

மின்னல் எங்கள் புகைப்படக்காரர். உச்சி வெயிலிலும் ஃபிளாஷ் போட்டு எடுப்பதால் வந்த பெயர். வராந்தா பெஞ்சில் நான் நாலாவது தடவை கடிகாரத்தைப் பார்த்ததும், கேமராப் பைக்குள் கைவிட்டு சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சார், நீங்க விடற பெருமூச்சுல எனக்குத் தூக்கமே வரலை. இதை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

கைக்குள் அடங்கும் வீடியோ கேம். உள்ளே முந்நூறு பழைய ஆட்டங்கள். பட்டியலில் பதினேழாவது அதேதான்! கல்லூரிக் காலத்தில், பஸ் நிலையக் காத்திருப்பு அறையின் மூலையில் ஓர் இயந்திரம் நின்றது. திரையின் அடியில் ஒரு குட்டிக் கப்பல், மேலேயிருந்து வரிசை வரிசையாக இறங்கும் பூச்சிப் படை, நமக்கு மூன்று உயிர். அதற்காக நான் தவறவிட்ட பஸ்கள் எத்தனையோ.

கட்டைவிரலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நாலாவது கட்டம் வரை போனேன். கூட்டம் தொடங்கியபோது இன்றைக்கு என்ன பொருள் என்று மின்னலைக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்களே வெச்சுக்குங்க சார், என்கிட்ட இன்னொண்ணு இருக்கு" என்றார் மின்னல். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்வதற்குள் அது என் பையில் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

காலை ஐந்தரை மணிக்கு என் மனைவி சமையலறை விளக்கைப் போட்டாள். நான் சாப்பாட்டு மேசையில், ஏழாவது கட்டத்தில்.

"ஏங்க, பல்லாவது தேய்ச்சீங்களா?"

"இதோ, ஒரு நிமிஷம்."

"ஐம்பத்தாறு வயசு. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். இந்த ஒரு வாரத்தில் நான் ஓய்வு பெறும் நாளை ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கு முன் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம். எட்டாவது கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. திறமை குறைவா, கவனம் குறைவா? தெரியாததைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்தது ஒரே வழி. பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி: எந்தக் கட்டம், கொன்றது யார், எங்கிருந்து வந்தது. குற்றச் செய்தி எழுதுவது போலத்தான். செத்தவனும் நானே, நிருபரும் நானே.

மார்ச் 16, ஞாயிறு

வெளியூரில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கும் மகளுக்கு அம்மா தகவல் சொல்லிவிட்டாள். புகாராகச் சொன்னாள், மகள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, பழைய பஞ்சாங்கத்தையே ஆடிட்டிருக்காதீங்க. நான் ஒண்ணு அனுப்பறேன், ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்."

புதிய ஆட்டம் மூச்சை நிறுத்திவிட்டது. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரம். நாங்கள் இருவரும் ஒரு படகில். மொட்டை மாடிகளில் ஒளிந்திருப்பவர்கள் கண்ணில் படாமல் மின்சார நிலையத்துக்குப் போக வேண்டும். அவள் துடுப்பு போடுகிறாள், நான் காவல். தண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் ஆடுவதைக்கூட வரைந்திருக்கிறார்கள். டிவியில் போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம். அவள் வீட்டைவிட்டுப் போன மூன்று வருடத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. வழக்கமாக "சாப்டியா", "சாப்டேன்", "அம்மாகிட்ட குடுக்கறேன்".

காவல்தான் சரியில்லை. "அப்பா, மாடி மாடி! இடது பக்கம் மேல! எத்தனை தடவை சொல்றது?"

மார்ச் 21, வெள்ளி

சமையலறையில் மேல் அலமாரிக் கதவு நெற்றியில் இடித்தது. இந்த மாதம் மூன்றாவது தடவை. திறந்து வைத்தது யார் என்று ஒரு சண்டை. நான் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பெரிய செய்தி. பழைய சந்தைக் கட்டடத்தை இடிப்பதற்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மொத்தம் இருபத்தேழு உறுப்பினர்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பதினெட்டுக் கை தேவை. தலைவர் "கை தூக்குங்க" என்றார். படிப்படியாக ஏறும் இருக்கைகள். நான் வழக்கம்போலக் கீழே, முன் பெஞ்சில். எண்ணினேன்: பதினேழு. தலைவர் அம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நிறைவேறியது" என்று மேசையைத் தட்டினார். எண்ணிக்கையைச் சொல்லவே இல்லை.

முதல் பக்கம். என் பெயரோடு. 'பதினேழு கைகளில் நிறைவேறியது பதினெட்டு தேவைப்பட்ட தீர்மானம்.'

ஏப்ரல் 4, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

என் செய்திக்குப் பக்கத்திலேயே மின்னல் எடுத்த படம், நாலு பத்தி அகலத்தில். அதில் தூக்கிய கைகள் தெளிவாக இருக்கின்றன. பத்தொன்பது. பதினேழு என்று எழுத்து சொல்கிறது, பத்தொன்பது என்று படம் சொல்கிறது, இரண்டும் ஒரே பக்கத்தில். எழுதிய நான் படத்தை எண்ணவில்லை, பக்கம் போட்டவர்கள் எண்ணவில்லை, பிழை பார்த்தவர் எண்ணவில்லை. ஊரே எண்ணியிருக்கிறது. காலை ஏழு மணி முதல் தொலைபேசி.

ஒரு பெண்மணியை, நேர்மையாக நடந்துகொண்ட ஒருவரை, மோசடிக்காரி என்று சொல்லாமல் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

முதல் பக்கத்தில் திருத்தமும் வருத்தமும் வந்தன. என் கணக்கில் இது நாலாவது திருத்தம். முதல் மூன்றும் எழுத்துப் பிழை.

செய்தி ஆசிரியர் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்: "யோவ், என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. அந்த டப்பாவை நோண்டிட்டு இருந்தியா?"

வாக்கெடுப்பு நேரத்தில் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு நிமிடம் முன்பு வரை? ஆமாம். பெட்டி மடியில்தான் இருந்தது. "இல்லை" என்று அழுத்திச் சொல்ல வாய் வரவில்லை. நான் தயங்கியதையே பதிலாக எடுத்துக்கொண்டான்.

"கொஞ்ச நாள் உள்ளயே இரு. பிழை பாரு. மன்றத்துக்கு வேற ஆளை அனுப்பறேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. பாவம் பார்க்கிறான்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இவளிடம் கொடுத்தேன். புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.  

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்று நாளாயிற்று. வெறுங்கட்டைவிரல் தொடையில் தானாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. அடச்சே.

ஏப்ரல் 10, வியாழன்

மின்னலிடம் அந்தப் படத்தின் பெரிய பிரதியைக் கேட்டு வாங்கினேன். "எதுக்கு சார் புண்ணைக் கிளறிட்டு?" என்றார்.

நான் விட்ட இரண்டு கைகள் எவை என்று தெரிய வேண்டும். என் கூட்டக் குறிப்பில் வரிசை வாரியாக எண்ணிக்கை இருக்கிறது. கீழ் வரிசை ஆறு, சரி. நடு வரிசை ஏழு, சரி. மேல் வரிசையில் நான் எழுதியது நாலு, படத்தில் ஆறு. விடுபட்டவை இடது ஓரத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு. கவனம் சிதறியவன் அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா விட்டிருப்பான்? வரிசை எங்கே தொடங்குகிறது என்று நினைத்தேனோ அங்கிருந்து எண்ணியிருக்கிறேன். எனக்கு அது இரண்டு ஆள் தள்ளித் தொடங்கியிருக்கிறது.

இடது பக்கம் மேல. இதை யார் சொன்னார்கள் எனக்கு? மகள். எத்தனை தடவை.

சாவுக் குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்தேன். மொத்தம் 214 சாவு. நேர் மேலேயிருந்து 29. வலது மேலேயிருந்து 31. பக்கவாட்டில் 18. இடது மேலேயிருந்து 136.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரே ஆதாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பூச்சிகளே இடது பக்கம் அதிகமாக வரும்படி ஆட்டத்தை அமைத்திருக்கலாம் அல்லவா? இவளிடம் பெட்டியைக் கேட்டேன். "ஆறு நாள்கூடத் தாங்கலையா?" என்றாள். குறிப்பேட்டைக் காட்டினேன். படித்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

அலுவலகத்தில் மின்னலை உட்கார வைத்து முப்பது உயிர் ஆடச் சொன்னேன். "சார், வேலை நேரத்துல இப்படி ஒரு கட்டளையா? உங்க மேல உயிரையே வெச்சிருக்கேன்" என்று ஆடினார். நேர் மேல் 8, வலது 10, பக்கவாட்டு 3, இடது 9.

ஆட்டத்தில் ஓரவஞ்சனை இல்லை. கோளாறு என்னிடம்.

ஏப்ரல் 12, சனி

இவள் மருத்துவமனையில் மருந்தாளர். இருபத்தாறு வருட அனுபவம். காலையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த ஆணியை மட்டும் பார்க்கச் சொன்னாள். மருந்துப் புட்டியின் சிவப்பு மூடி ஒன்றைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இப்போ?"

"தெரியுது."

"இப்போ?"

"எடுத்துட்டியா?"

கண்ணைத் திருப்பினேன். எடுக்கவில்லை. மூடி அங்கேயே இருந்தது, அவள் விரல்களோடு, என் முகத்துக்கு இடது மேல் பக்கம். அந்த இடத்தில் இருட்டோ கறுப்போ எதுவும் தெரியவில்லை எனக்கு. சுவர் மட்டும் தெரிந்தது. வெறும் சுவர், முழுசாக.

அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தினம் பத்துப் பேருக்காவது இதே கோளாறுக்குக் கண் சொட்டு மருந்து கொடுக்கறேன். எப்படிப் போடணும்னு சொல்லித் தர்றேன். என் வீட்டுலயே ஒரு ஆளு கதவுல முட்டிக்கிட்டு நிக்கறாரு, நான் கதவை யாரு திறந்ததுன்னு சண்டை போடறேன்."

அழுதாள். எனக்குப் பயம் அப்போதுதான் வந்தது. படிப்பது, எழுதுவது, எண்ணுவது. இவை போனால் மிச்சம் நான் யார்?

ஏப்ரல் 15, செவ்வாய்

கண் மருத்துவமனை. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தேன். கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு ஓர் இருட்டறை. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தான்.

"நடுவுல இருக்கற புள்ளியை மட்டும் பாருங்க. எங்க வெளிச்சம் மினுக்கினாலும் அமுக்குங்க" என்றார் சோதனை செய்யும் பெண்.

அட, எனக்குத் தெரிந்த வேலை! மளமளவென்று அமுக்கினேன். நடுவில் கொஞ்ச நேரம் எதுவும் மினுக்கவில்லை. சந்தேகம் வந்து கண்ணை மேலே ஓட்டினேன்; மூன்று வெளிச்சத்தைப் பிடித்தேன்.

"சார், ஏமாத்தக்கூடாது. இது உங்களுக்கு மார்க் போடறதுக்கு இல்ல. முதல்லேருந்து."

முதலிலிருந்து. ஏமாற்றாமல் ஆடினேன். வாழ்க்கையில் வெல்ல வேண்டாம் என்று ஆடிய ஒரே ஆட்டம்.

மருத்துவர் இரண்டு தாளை மேசையில் வைத்தார். கண்ணுக்கு ஒரு தாள். வலது கண்ணின் தாளில் இடது மேல் மூலை கறுப்பு. இடது கண்ணின் தாளில் மேலே ஒரு சாம்பல் பட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துக்கும். ரெண்டுமே விட்ட இடம் இது. இதை மூளை சுத்தி இருக்கறதை வெச்சு ஒப்பேத்திடும். அதான் உங்களுக்குத் தெரியலை."

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிறது. வலி இருக்காது.

"போனது திரும்பாது சார். தினம் சொட்டு மருந்து போட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம். பெரும்பகுதி இருக்கு."

"இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா?"

"யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பாங்க." பிறகு, "சரி, உங்களை யாரு அனுப்பினது? இந்தக் கட்டத்துல யாரும் தானா வர்றதில்லையே."

குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினார். "136" என்ற எண்ணின்மேல் விரலை வைத்து, தாளின் கறுப்பு மூலையையும் பார்த்தார். "இதை நான் நகல் எடுத்துக்கலாமா?"

வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டபோதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. கடைசி நாலு வருடம் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். வயசாகிவிட்டது என்றோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மகளிடம் சொன்னேன்.

"நான் உங்களைத் திட்டினேனேப்பா. குருட்டுக் காவல்காரன்னு சொன்னேன்."

"நீ திட்டினதாலதான்மா கண்டுபிடிச்சேன். இன்னும் நல்லாத் திட்டியிருக்கலாம்."

அவளும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். என் தங்கையும். இரண்டு பேரையும் விடாமல் நச்சரிக்கப் போகிறேன்.

ஏப்ரல் 19, சனி

செய்தி ஆசிரியரிடம் தாள்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "யோவ், நான் உன்னை... சரி, விடு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இதை ஒரு குறிப்பாப் போடலாம்யா. உன் பேர்ல ஒரு கறை நிக்குது."

வேண்டாம் என்றேன். எண் தப்பு, திருத்தம் வந்தாயிற்று. காரணம் என்னுடையது, வாசகருடையது இல்லை.

ஆனால் ஒருவருக்கு அந்தக் காரணத்தைச் சொல்லும் கடமை உண்டு.

ஏப்ரல் 22, செவ்வாய்

மன்றத் தலைவரைப் பார்க்கப் போனேன். முக்கால் மணி நேரம் வெளியே உட்கார வைத்தார். அது எனக்கு வேண்டியதுதான். உள்ளே போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"உக்காருங்க" என்றார். "அன்னிக்குக் காலையில பேப்பரைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? உங்க மேல கோபம் வரலை. என் மேலயே சந்தேகம் வந்துச்சு. நாமதான் தப்பா எண்ணிட்டோம்னு நினைச்சேன். பதினஞ்சு வருஷமா உங்க எண்ணிக்கையை நம்பிப் பழக்கம். படத்தை எண்ணிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்துச்சு. கோபம் அப்புறம்தான்."

திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

எழுந்தபோது சொன்னார்: "இனிமே கை தூக்கறதோட ஒவ்வொருத்தரா பேரும் சொல்லட்டும். உங்களுக்காக இல்ல. எனக்கும் அது நல்லது."

மே 9, வெள்ளி

தங்கைக்கும் அழுத்தம் அதிகம். பார்வை எதுவும் போகவில்லை, மருந்து தொடங்கிவிட்டார்கள். மகளுக்கு ஒன்றும் இல்லை. தங்கை தொலைபேசியில் அழுதுகொண்டே, "நீ உருப்படாம கேம் ஆடினது நல்லதாப் போச்சுண்ணா" என்றாள்.

யாருக்கு நன்றி சொல்வது என்று யோசிக்கிறேன். என் பெருமூச்சைப் பொறுக்க முடியாத மின்னலுக்கா? பூட்டியதைத் திறந்து கொடுத்தவளுக்கா? எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, பூச்சிகளை எல்லாப் பக்கமும் சமமாக இறக்க வேண்டும் என்று நாற்பது வருடத்துக்கு முன்னால் கணக்குப் போட்ட அந்த முகம் தெரியாத மனிதருக்கா? அவர் கணக்கில் நேர்மையாக இருந்தார். அதனால் என் கண் தப்பியது.

ஜூன் 12, வியாழன்

மன்றத்துக்குத் திரும்பினேன். முன் பெஞ்சு இல்லை. மேல் வரிசைக்கும் மேலே, இடது கோடியில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். எல்லாரும் எனக்கு வலது பக்கம், எனக்குக் கீழே. பெயர் சொல்லி வாக்கெடுப்பு. இருபத்திரண்டு. தலையைத் திருப்பித் திருப்பி நானும் எண்ணினேன். மின்னல் கீழேயிருந்து விரலால் காட்டினார்: இரண்டு, இரண்டு.

ஆடுவதை விடவில்லை. காலையில் இருபது நிமிடம் பூச்சிகள். ஞாயிறு மகளோடு படகு. மருத்துவரிடம் கேட்டேன், ஆட்டத்தால் இந்த நோய் வருவதில்லை என்றார். இவள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

அக்டோபர் 24, வெள்ளி

ஆறு மாதச் சோதனை. அதே கிண்ணம், அதே பொத்தான். கண்ணை ஒரு தடவைகூட அசைக்கவில்லை.

மருத்துவர் ஏப்ரல் தாளையும் இன்றைய தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். நானும் இவளும் மூச்சு விடவில்லை. கறுப்பு மூலை கறுப்பாகவே இருந்தது. அதன் ஓரம் ஒரு இம்மிகூட நகரவில்லை.

"அப்படியே நிக்குது" என்றார். இதைவிட நல்ல செய்தியை நான் எழுதியதும் இல்லை, படித்ததும் இல்லை.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டிருந்ததால் வெளியே வெயில் கூசியது. கிட்டத்தில் இருப்பது எல்லாம் மங்கல். கொஞ்சம் தெளியட்டும் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். இவள் என் பையில் எதையோ துழாவினாள். தண்ணீர் பாட்டில் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது, பூச்சிகள் இறங்கும் சத்தம்.

"எந்தப் பட்டனைங்க அமுக்கணும்?"

சொன்னேன். செத்தாள். "அட, பார்க்கவே இல்லையே!" மறுபடி செத்தாள்.

"எங்கேருந்து வந்தான்?" என்று கேட்டேன். எனக்குத் திரை தெரியவில்லை.

"எல்லாப் பக்கமுந்தான் வர்றானுங்க. பேசாம இருங்க, கவனம் போகுது."

இருந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வெயில் வராந்தாவின் தூண் வரைக்கும் நகர்ந்து வந்தது. தூணில் ஒட்டியிருந்த அறிவிப்பை என்னால் படிக்க முடிந்தது; முழுவதும் படித்தேன்.

"தெளிஞ்சிடுச்சு. போலாமா?" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"இருங்க. இன்னும் ஒரு உயிர் இருக்கு."